நான்காவது யுகாத்தா

அன்புள்ள கண்ணுவுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். ஜப்பானில் உன்னைப் பார்த்துவிட்டு ஆரணி வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் கூப்பிட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. அந்த வெந்நீர்க் குளியலில் உன் முதுகைத் தேய்த்தபோது விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சுவா ஏரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். டோக்கியோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனோம், இறங்கிய பிளாட்பாரத்திலேயே வெந்நீர் ஊற்றுக்குத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம், காசு கிடையாது என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. கால் வீங்கிப்போய் இருந்த உன் அம்மா அந்தத் தொட்டியை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாளே, அதை இப்போதும் சொல்கிறாள்.

கரையெல்லாம் பெரிய ஹோட்டல்கள் இருக்கும்போது, அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து அந்தச் சின்ன விடுதியைத் தேடிப் பிடித்தாய் பார், அதில் எனக்கு அவ்வளவு பெருமை. மின்ஷுகு என்று பேர் சொன்னாய். வீட்டுக்காரம்மாவே சமைத்தார், அவரே பரிமாறினார். மெத்தையை அலமாரியிலிருந்து நாமே எடுத்துத் தரையில் விரித்துக்கொண்டோம். தாதாமி என்று நீ சொன்ன அந்தப் பாய்த்தரையில் கால் வைத்ததும் எனக்குப் புதுக் கோரைப்பாய் வாசனை அடித்தது. ராத்திரிச் சாப்பாட்டில் விரல் நீளத்து ஏரி மீனை முள்ளோடு பொரித்து வைத்தார்கள். உன் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

முதல் நாள் அறைக்குள் நுழைந்தபோது தாழ்வான மேசையில் நான்கு கோப்பை வைத்திருந்தது. மூங்கில் கூடையில் நான்கு யுகாத்தா, குளித்துவிட்டுக் கட்டிக்கொள்கிற அந்தப் பருத்தி அங்கி, மடித்து வைத்திருந்தது. நீ மூன்று விரலைக் காட்டி அந்தம்மாவிடம் ஏதோ சொன்னாய். அவர் குனிந்து வணங்கிவிட்டு ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். யுகாத்தாவை மறந்துவிட்டார். மூன்று நாளும் அது கூடையிலேயே இருந்தது, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. மருமகளைப் பற்றி, "அவளுக்கு ஆபீஸில் வேலை" என்றாய். நாங்களும் சரி என்றோம்.

நான் யுகாத்தாவை வலது பக்கம் மேலே வருகிற மாதிரி மடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தம்மா பதறிப்போய் ஓடி வந்து அவிழ்த்து, இடது பக்கத்தை மேலே கொண்டுவந்து கட்டிவிட்டார். வலது மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை என்று நீ பிறகு சொன்னாய். ஊர் பேர் தெரியாத கிழவனுக்காக அந்தம்மா முகம் அப்படி மாறியதை நான் மறக்க மாட்டேன். உன் அம்மாவுக்கும் அவர்தான் துணை. பெண்கள் குளியலுக்குள் தனியாகப் போகக் கூச்சப்பட்டுச் சிவப்புத் திரைக்கு வெளியிலேயே நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், சின்ன முக்காலியில் உட்காரவைத்து, முதலில் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும் என்று சைகையில் காட்டி, முதுகும் தேய்த்துவிட்டாராம். மருமகள் இருந்திருந்தால் அவள் செய்திருப்பாள் என்று அம்மா சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

நாம் இருவரும் இறங்கிய தொட்டியில் தண்ணீர் 42 டிகிரி என்று சுவரில் காட்டியது. அதில் ரொம்ப நேரம் உட்காராதே, நீ பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தீபாவளிக்குத் தீபாவளி கிணற்றடியில் எண்ணெய் தேய்த்து உன் முதுகைத் தேய்த்த கை இது. அதற்கப்புறம் இப்போதுதான்.

மறுநாள் கதகுராகான் என்ற பொதுக் குளியல் கட்டடத்துக்குக் கூட்டிப் போனாயே, தறிக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பட்டு நூல் ஆலை நடத்திய கதகுரா குடும்பம் 1928-ல் ஊர்க்காரர்களுக்காகவும் ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் கட்டியது என்றாய். ஆயிரம் பேர் குளியல் என்று பேர், 1.1 மீட்டர் ஆழம், அடியில் கூழாங்கல். நின்றுகொண்டேதான் குளித்தோம். கொதிக்கிற தண்ணீரில் பட்டுப்புழுக் கூட்டைப் போட்டு நூல் எடுக்கிற வேலை என்ன என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க வெந்நீரில் கை வெந்தவர்கள் சாயங்காலம் வந்து அதே சூட்டில் நின்றிருப்பார்கள். அந்தக் கல்லின் மேல் கொஞ்ச நேரம் காலை அழுத்தி நின்றேன்.

அப்புறம் அந்தக் காலை. விடுதிக்காரர் ஆறரை மணிக்கு ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். கோயில் குருக்களும் ஊர்ப் பெரியவர்களும் நின்று தண்ணீரின் சூட்டை அளந்து குறித்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் தினமும் வருவார்களாம். ஏரி முழுக்க உறைந்தால் பனிக்கட்டி வெடித்து, கரைக்குக் கரை வரப்பு மாதிரி எழும்புமாம். மேல் கோயில் சாமி, எதிர்க்கரைக் கீழ் கோயிலில் இருக்கிற மனைவியைப் பார்க்க நடந்து போன தடம் அது. 1443-லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியாக வந்தது 2018-ல். இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவன், மனைவி என்ற இடத்தில் நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்தாய். தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது.

நம் திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று உன்னைத் தோளில் வைத்துத் திருவூடல் காட்டினேன். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், சுந்தரர் நடுவில் தூது போவார். "அவர் ஏன்பா போகணும்?" என்று கேட்டாய். அதற்கு அடுத்த வருஷம் உன்னையே தூது அனுப்பினேன். உனக்கு ஒன்பது வயது. உன் சித்தப்பாவுக்காக அம்மாவின் வளையலை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். அவள் கேட்டாள். கேட்டதற்காக எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். ஒரே வீடு, ஒரே தறி. ஊடை நூலைத் தார் சுற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள், நான் எடுத்துக்கொள்வேன். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாவிடம் பசியில்லை என்று சொல்லு." பத்தடி தூரத்துக்கு நீ நடந்துகொண்டே இருந்தாய். பள்ளிக்கூடத்தில் நீ பேசுவதே இல்லை என்று வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு உறைக்கவில்லை.

நான்தான் இறங்கி வந்து பேசினேன் என்று எல்லோரிடமும், உன்னிடமும், இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். அது பொய். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிப் போட்டிருந்தோம், வானம் இருட்டிக்கொண்டு வந்தது, "மழை வருது, பாவை எடுங்க" என்று அவள்தான் கத்தினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். அன்று அவள் கத்தாமல் இருந்திருந்தால் நான் இன்னும் எத்தனை மாதம் இருந்திருப்பேனோ தெரியாது. வளையலுக்கும் இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதை நீ யாரிடம் கற்றாய் என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை.

சரி. வேளைக்குச் சாப்பிடு. வெந்நீரில் ரொம்ப நேரம் உட்காராதே. தலையில் ஈரத்தோடு படுக்காதே.

போன முறை வந்தபோது மருமகள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, எனக்குக் கத்திரிப்பூ நிறம், ஜரிகை கம்மியா போதும்" என்றாள். அந்தப் புடவையை நேற்றுத்தான் தறியிலிருந்து அறுத்து இறக்கினேன். அம்மா மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கிறாள். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது, நீ சொல்லாமல் நான் கூப்பிட மாட்டேன். புடவையை உன் விலாசத்துக்கு அனுப்பவா, அவள் இருக்கிற இடத்துக்கு அனுப்பவா? அதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா