ஆக்ஸிஜன் வருகிறது, மருந்து வரவில்லை: வாடகைக் கருவி பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பெறுநர்:
கிளை மேலாளர், மருத்துவக் கருவி வாடகைப் பிரிவு, டர்பன்

பொருள்: கான்சென்ட்ரேட்டருடன் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) தந்த நெபுலைசர் மாஸ்க் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் தருவது) வேலை செய்யாதது

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

என் அப்பாவுக்கு சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன், அத்துடன் நாளுக்கு நான்கு வேளை நெபுலைசரில் சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் என்று எழுதிய டாக்டர் சீட்டை உங்கள் கவுண்டரில் காட்டித்தான் கருவி கேட்டோம். "நெபுலைசருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தனியாக எதற்கு, தண்டச் செலவு. இந்த மாஸ்க்கை மாட்டினால் ஆக்ஸிஜனும் மருந்தும் ஒன்றாகவே போய்விடும்" என்று சொல்லி 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டரையும் மாஸ்க்கையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுத்தார் உங்கள் விற்பனையாளர்.

வீட்டுக்கு வந்த உங்கள் ஆள், ஆக்ஸிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலின் வாயிலிருந்து குழாய் இழுத்து மாஸ்க்கின் மருந்துக் கிண்ணத்தில் செருகி, அளவை 5-இல் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கருவியைப் போட்டதும் பாட்டில் மூடி விசில் அடிக்கிறது. அளவு காட்டும் குண்டு 5-இல் நிற்காமல் கீழே இறங்குகிறது. கிண்ணத்திலிருந்து புகைபோல எழவேண்டிய மருந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துப்புகிறது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது அரை மணி நேரமாகியும் தீர்வதில்லை. அப்பா களைத்துப்போய் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்.

போனில் கேட்டால், "ஆஸ்பத்திரியில் இப்படித்தானே வைக்கிறார்கள்" என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவர்க் குழாயில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 4 பார் அழுத்தத்தில் வருகிறது. மருந்தை நுண்துளிகளாக உடைக்க நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று, சின்னத் துளை வழியே வேகமாகப் பாய வேண்டும். உங்கள் கருவியின் உச்சமே 5 லிட்டர், அழுத்தமும் அந்த 4 பாரில் சிறு பங்குதான். போதாக்குறைக்கு நடுவில் தண்ணீர் பாட்டில் வேறு. குழாயில் எதிரழுத்தம் ஏறினால் அதன் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். அந்த விசில் அதுதான். "கருவியில் பழுதில்லை" என்று உங்கள் டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டு உண்மைதான். கருவி நல்ல கருவி, இந்த வேலைக்கு ஆகாத கருவி.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. சிஓபிடி நோயாளிக்கு ஆக்ஸிஜன் கூடினால் ரத்தத்தில் கார்பன்டை ஆக்சைடு ஏறலாம். அதனால்தான் ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவை 88-92 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். மருந்தைச் சாதாரணக் காற்றில் இயங்கும் கம்ப்ரஸரில் கொடுத்து, அந்த நேரத்தில் ஆக்ஸிஜனை மூக்குக் குழாயிலேயே விடுவதுதான் முறை. சீட்டில் 2 லிட்டர் என்று இருக்க, 5-இல் வைக்கச் சொன்னது யார் கணக்கு? (லோட்ஷெட்டிங் என்னும் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலுக்குத் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். இப்போது அது வேண்டாம்.)

என்ன தேவை என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. உதவாத பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்கிறது 56-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் அலுவலகமோ மாஸ்க் "பிரித்த சரக்கு", திரும்ப எடுக்க முடியாது என்கிறது. பிரிக்காமல் எப்படி மூச்சு விடுவதாம்?

கான்சென்ட்ரேட்டர் இருக்கட்டும், அது மூக்குக் குழாய்க்குச் சரியாக வேலை செய்கிறது. நெபுலைசர் கம்ப்ரஸர் ஒன்றை இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். மாஸ்க்குக்கு வாங்கிய பணத்தை அதன் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். கொண்டுவருபவர் அதைப் பொருத்தி, மருந்து ஊற்றி, புகை வருவதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதுவரை அடுத்த மாத வாடகை கட்டமாட்டோம். டாக்டர் சீட்டு, பில், டெக்னீஷியன் சீட்டு மூன்றின் நகலும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்