ஹவ்ரூதா மேசைகளை எடுத்துவிடாதீர்கள்

எங்கள் யூதக் கல்வி முகாமின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். டிசம்பர் முகாமின் நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை பெரிய பெயர்களாக நிறைந்திருக்கிறது. ஹவ்ரூதாவை மட்டும் எங்குமே காணவில்லை. இருவர் இருவராக அமர்ந்து, மூலநூலை வாய்விட்டுப் படித்து வாதாடும் அந்த நேரம் முழுவதையும் சொற்பொழிவுகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதைத் திரும்பத் தாருங்கள்.

என் மனைவி யூதர், நான் அல்லன். மூலநூல்களின் மொழிகளான எபிரேயமும் அரமேயமும் எனக்குத் தெரியாது. சென்ற முகாமில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடன் யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் பாவா மெட்சியா பகுதியைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். ஒரே துணியை இருவர் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். நானே கண்டெடுத்தேன், முழுவதும் எனக்கே என்கிறான் ஒருவன். மற்றவனும் அதையே சொல்கிறான். தன் பங்கு பாதிக்குக் குறையாது என்று இருவரும் சத்தியம் செய்துவிட்டுப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்கிறது தல்மூதின் மூலச் சட்டப் பகுதியான மிஷ்னா. முழுவதும் தனக்கே என்றவன் பாதிக்கு ஏன் சத்தியம் செய்ய வேண்டும்? இருவரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்றால் அவனைச் சத்தியம் செய்யவைப்பது முறையா? அந்த அம்மையார் என்னை விடவே இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் தூக்கியிருக்கலாமே என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பி, மிஷ்னாவை விவாதிக்கும் பகுதியான கெமராவும் அதே வாய்ப்பைச் சொல்லும் இடத்தில் விரலை வைத்தார். நூற்றாண்டுகளாக நடக்கும் வாதத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்த மகிழ்ச்சி அது. எந்தச் சொற்பொழிவும் எனக்கு அதைத் தந்ததில்லை.

நீங்கள் அறியாத கதை இல்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன். தல்மூது அறிஞரான ரபி (மத ஆசான்) யோகனான், தன் படிப்புத் துணைவர் ரேஷ் லாகிஷ் இறந்தபின் துயரத்தில் தவித்தார்; அவருக்குத் துணையாக ரபி எலாசாரை அனுப்பினார்கள். எலாசாரோ யோகனான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டினார். யோகனானுக்கு ஆறுதல் பிறக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் ரேஷ் லாகிஷ் 24 மறுப்புகள் எழுப்புவான், நான் 24 விடைகள் சொல்வேன், சட்டம் அப்படித்தான் தெளிவடைந்தது என்று புலம்பினார். ஆமோதிக்கும் அறிஞரைவிட மறுத்துப் பேசும் தோழனே அவருக்கு வேண்டியிருந்தது. மேடையில் இருப்பவரை அப்படி 24 முறை மறுக்க எங்களால் முடியுமா?

யூத ஓய்வுநாளான சப்பாத்தையும் எண்ணிப் பாருங்கள். நம் முகாமுக்கு வருபவர்களில் பலர் வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன்பிருந்து மறுநாள் இரவு வரை எழுதமாட்டார்கள். ஒலிபெருக்கியையும் திரையையும் பயன்படுத்தமாட்டார்கள். குறிப்பெடுக்க முடியாத அந்த நாளில், தானே வாதாடிப் பெற்றதுதான் மனத்தில் தங்கும்.

புதியவர்கள் மிரண்டுபோவார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அரமேயம் அறியாதவர்களுக்குக் கதவு அடைத்திருந்த காலம் போய்விட்டது. ரபி அடின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965-இல் தொடங்கிய தல்மூதின் தற்கால எபிரேய மொழிபெயர்ப்பும் விளக்கமும் 2010-இல் நிறைவடைந்தன. அதன் அடிப்படையிலான ஆங்கில வடிவத்தை 2017 முதல் யூத நூல்களுக்கான இணையதளமான செஃபாரியா இலவசமாகத் தருகிறது. இளமையில் தல்மூதைத் தொட வாய்ப்பே அமையாத பெண்கள் அறுபது வயதில் முதன்முதலாக அதைத் திறப்பதை நம் மேசைகளில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

செலவையும் சொல்லியாக வேண்டும். பிரபலங்களுக்கான சன்மானம் பங்கேற்புக் கட்டணத்தில்தான் ஏறுகிறது. இதே பிரிட்டனில் 1980-இல் தொடங்கிய யூதக் கல்வி அமைப்பான லிம்முட், பேச வருபவர்களுக்குச் சன்மானம் தராமல் தன்னார்வலர்களைக் கொண்டே வளர்ந்து, பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அங்கு இன்று கற்பிப்பவர் அடுத்த வகுப்பில் மாணவராக உட்காருகிறார். நாமும் அப்படித்தானே இருந்தோம்?

எல்லாச் சொற்பொழிவுகளையும் நீக்கச் சொல்லவில்லை. வெள்ளி, ஞாயிறு காலைகளில் ஒன்றரை மணி நேரமும் சனிக்கிழமை வழிபாட்டுக்குப் பின் அதே அளவும் போதும். வெள்ளி மாலைக்கு முன்பே பக்கங்களை நகலெடுத்து மேசைகளில் வைப்பதையும், தனியாக வருபவர்களுக்கு இணை தேடித் தருவதையும் நானும் என் மனைவியும் ஏற்றுக்கொள்கிறோம். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும் முன் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் முகாமின் மாணவன்