காந்தம் ஒட்டவில்லை, ஆனாலும் துரு ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு நாங்கள் செய்து கொடுத்த எவர்சில்வர் மாடிப்படிக் கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள், அதுவும் வெல்டிங் பக்கத்தில் அதிகம். "காந்தம் வச்சுப் பார்த்துத்தானே தம்பி வாங்கினோம், ஒட்டவே இல்லையே" என்று கேட்டார்கள். ஒட்டவில்லை என்பது உண்மைதான். அது போதும் என்று அவர்கள் நம்பியபோது, அது போதாது என்று சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகும், கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். நிக்கலின் முக்கிய வேலை வேறு. இரும்பில் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தையே அது மாற்றிவிடும், வளைத்தால் உடையாத, காந்தம் ஒட்டாத எஃகு அப்படித்தான் கிடைக்கிறது. நிக்கல் விலை அதிகம் என்பதால் அந்த இடத்தில் மாங்கனீஸையும் கொஞ்சம் நைட்ரஜனையும் போட்டு வருவதுதான் 200 வரிசை எவர்சில்வர். நிக்கல் குறைக்காத 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதத்திலிருந்து தொடங்கும், மாங்கனீஸ் 2-ஐத் தாண்டாது. 200 வரிசையில் உள்ள 202-இல் குரோமியம் 17-க்குக் குறையாது, நிக்கல் 4 முதல் 6, மாங்கனீஸ் ஏழரை முதல் 10 வரை. அதே வரிசையில் கடைகளில் ஜே4 என்று சொல்லும் சரக்கில் நிக்கல் 1 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும்.

மாங்கனீஸ் அடுக்கை மாற்றும், காந்தத்தை ஒட்ட விடாது, ஆனால் அந்தக் காப்புப் படலத்தைக் கட்ட அதற்குத் தெரியாது. அதோடு நிக்கல் குறையக் குறைய குரோமியத்தையும் குறைத்தாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குரோமியம் அடுக்கைப் பழையபடி திருப்பப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்த மாங்கனீஸால் நிக்கல் அளவுக்கு முடியாது. அப்படித்தான் ஜே4-இல் குரோமியம் 15 பக்கம் இறங்கிவிடுகிறது. நிக்கல் போனதை விட, அதோடு குரோமியமும் போனதுதான் பெரிய நஷ்டம். இன்னொன்று, எஃகில் மிச்சமிருக்கும் கந்தகத்தோடு மாங்கனீஸ் சேர்ந்து நுண்ணிய துணுக்குகளாகத் தங்கும், உப்புத் தண்ணீர் பட்டால் முதல் குழி பெரும்பாலும் அங்கேதான் விழும். நைட்ரஜன் குழி விழுவதைத் தடுக்கும், அது நல்ல விஷயம். செம்பு போட்டால் வளைக்க லேசாக இருக்கும், உப்புக்கு எதிராகப் பெரிதாக எதுவும் செய்யாது.

நம்ம ஊர்க் கிரஷர்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். கல்லை நசுக்கும் ஜா பிளேட்டுக்குப் போடும் மாங்கனீஸ் எஃகு, 1882-இல் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்தது, 12 சதவீதம் பக்கம் மாங்கனீஸ், சுமார் 1.2 சதவீதம் கார்பன். அதிலும் காந்தம் ஒட்டாது. ஒரு ராத்திரி மழையில் போட்டுப் பாருங்கள், காலையில் செம்மண் பூசியது போல இருக்கும். கல் உடைக்கிற பிளேட்டுக்கு அது ஒரு குறையே இல்லை, துரு தின்பதற்குள் கல் தேய்த்துவிடும். சில பிளேட்டில் குரோமியம் 2 சதவீதம் இருக்கும், அது பலத்துக்கு, துருவுக்கு அல்ல.

மாங்கனீஸுக்கும் சேலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1839-இல் மாங்கனீஸ் சேர்த்து வார்ப்பெஃகு செய்யக் காப்புரிமை வாங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், அதற்கு முன்னால் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்துச் சேலத்துத் தாதை உருக்கியவர். மாங்கனீஸ் மட்டமான சரக்கு என்று நாங்கள் சொல்லவே இல்லை. வீட்டுக்குள், நனையாத இடத்தில் 202 தாராளமாகப் போதும்.

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் கம்பி பாதி நாள் ஈரமாகவே இருக்கும், அங்கே வெளிப்புற வேலைக்கு 304-தான். போர்வெல் உப்புத் தண்ணீர் தெறிக்கிற குளியலறைக்கும் மொட்டை மாடித் தொட்டி ஸ்டாண்டுக்கும் அதேதான். மாலிப்டினம் சேர்த்த 316 கடலோரத்துக்கு, மலைக்கு அது தேவையில்லை, யாராவது சொன்னாலும் அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள்.

தயவுசெய்து ஒன்று. டைல்ஸ் ஒட்டியபின் கொத்தனார் ஆசிட் ஊற்றிக் கழுவும்போது அந்தப் புகை பட்டால் 304 கூடப் புள்ளி போட்டுவிடும். ஆசிட் வேலை எல்லாம் முடிந்து நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

இந்த மாதத்திலிருந்து பில்லில் "எஸ்எஸ்" (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எவர்சில்வர்) என்று மட்டும் எழுத மாட்டோம், கிரேடு நம்பர் இருக்கும். சந்தேகம் வந்தால் பட்டறைக்கு ஒரு துண்டு எடுத்து வாருங்கள். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்டால், மாங்கனீஸ் சரக்கு சீக்கிரமே சிவந்துவிடும், உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறோம், காசு வேண்டாம்.

அப்புறம் அந்த அம்மா வீட்டுக் கைப்பிடி. கழற்றிவிட்டோம், 304 குழாய் வந்து இறங்கிவிட்டது, வருகிற வாரம் எங்கள் செலவில் பொருத்துகிறோம். ஏற்காடு, நாகலூர் பக்கம் எங்களிடம் வெளிப்புறக் கைப்பிடியோ வாசல் கேட்டோ வாங்கியவர்கள், புள்ளி தெரிந்தால் ஒரு போன் செய்யுங்கள். மழைக்கு முன்னால் வந்து பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து, சேலம்