'வெடித்தது' என்ற ஒற்றைச் சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் 'சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்' என்ற தலைப்பைப் படித்தேன். அதன் கீழே அச்சாகியிருந்த படத்தில், இடிந்த சுவருக்கும் கருகிய கதவு நிலைக்கும் நடுவே அந்தச் சிலிண்டர், வண்ணம் கருகியிருந்தாலும் எங்கும் கிழியாமல், முழு உருவத்தோடு நின்றுகொண்டிருந்தது. தலைப்பை எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை போலும். உண்மையில் வெடித்தது சிலிண்டர் அன்று. அதிலிருந்து கசிந்து அறைக்குள் தேங்கிய எரிவாயு.

பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இதை வெறும் சொற்பிழையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அது கசிந்தால் தரையோடு படிந்து பரவும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 2 முதல் 9.5 விழுக்காடு வரை இருக்கும்போது ஒரு சுவிட்சின் பொறி போதும், அறையே வெடித்துவிடும். சிலிண்டர் வெடிப்பது முற்றிலும் வேறு கதை: வெளியே எரியும் நெருப்பில் உள்ளிருக்கும் திரவம் கொதித்து, பாதுகாப்பு வால்வு வெளியேற்றும் வேகத்தையும் மிஞ்சி அழுத்தம் ஏறி, இளகிய உருக்கு கிழிந்தால்தான் அது நிகழும். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை எழுதினால், படிப்பவர் சிலிண்டரைக் கண்டு அஞ்சுவாரே தவிர, வெடிப்பு விழுந்த ரப்பர் குழாயைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

மேலே 'வெடிப்பு விழுந்த குழாய்' என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் வெடி என்பது ஓசைக்கு மட்டுமன்றிப் பிளவுக்கும் உரிய சொல். காய்ந்த நிலமும் குதிகாலும் வெடிக்கின்றன. பருத்திக்காய் ஓசையே இல்லாமல் வெடிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'explode' என்ற சொல்லோ, மேடையில் பிடிக்காத நடிகரைக் கைதட்டி விரட்டுவதைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் வேர் ஓசையில்தான் இருக்கிறது. நம்முடைய சொல் இவ்வளவு அகலமாக இருப்பதாலேயே, அதற்கு முன்னால் எது வெடித்தது, ஏன் வெடித்தது என்பதைச் செய்தியாளர் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

'குண்டு' என்ற சொல்லும் இப்படியே. உருண்டையாக இருப்பதால் அது குண்டாயிற்று. துப்பாக்கிக் குண்டு பாயும், துளைக்கும், பொதுவாக வெடிப்பதில்லை. வெடிகுண்டு வெடிக்கும். தலைப்பில் இடம் போதவில்லை என்று இரண்டையும் 'குண்டு' என்று சுருக்கும்போது, துப்பாக்கிச் சூட்டையும் குண்டுவெடிப்பையும் பிரித்தறிய வாசகர் செய்தியின் மூன்றாம் பத்திவரை போக வேண்டியிருக்கிறது.

அளவுகளிலும் தடுமாற்றம் உண்டு. ஹிரோஷிமா மீது வீசப்பட்டது '15 கிலோடன் எடையுள்ள குண்டு' என்று எழுதுகிறார்கள். அந்தக் குண்டின் எடை 4.4 டன் அளவுதான். 15 கிலோடன் என்பது, அது வெளியிட்ட ஆற்றலுக்கு நிகராக வெடிக்க வேண்டிய டி.என்.டி. என்ற வெடிமருந்தின் எடை.

2023 ஜூன் மாதம் டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் நீர்மூழ்கியில் ஐவர் இறந்தபோது, அது 'வெடித்துச் சிதறியது' என்றே பல செய்திகளில் படித்தோம். அங்கே எதுவும் உள்ளிருந்து வெளியே வெடிக்கவில்லை. சிதைவு கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். அங்கே நீரின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் 380 மடங்குக்கு அருகில் இருக்கும். கீழே இறங்கிக்கொண்டிருந்த கலத்தை அப்படிப்பட்ட அழுத்தம் நாலாபுறமும் நெருக்கி உள்நோக்கி நொறுக்கியது. 'உள்வெடிப்பு' என்ற சொல்லை அறிவியல் நூல்கள் ஆள்கின்றன. என்னைக் கேட்டால் 'உள்நொறுங்கியது' என்பது இன்னும் தெளிவு.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, குண்டுவெடிப்பு, வெடிவிபத்து, வெடிப்பு என்ற மூன்று சொற்களின் வேறுபாடு. முதலாவது, யாரோ திட்டமிட்டுச் செய்தார் என்கிறது. இரண்டாவது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்கிறது. ஆக, இரண்டுமே தீர்ப்புகள். 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகம் அதிர்ந்தபோது, அது தாக்குதல் என்ற பேச்சு முதல் நாளிலேயே எழுந்தது. துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் என்ற உரப்பொருள்தான் வெடித்தது என்று பின்னர் தெரிந்தது. அப்படியானால் அதை விபத்து என்று எழுதலாமா? ஆபத்து என்று எழுத்தில் எச்சரிக்கப்பட்ட பிறகும் அப்புறப்படுத்தாமல் விட்டதை அந்தச் சொல் மெழுகி மறைத்துவிடும். விசாரணை முடியும்வரை 'வெடிப்பு' என்ற வெற்றுச் சொல்லே நேர்மையானது. (கலவரச் செய்திகளில் 'வன்முறை வெடித்தது' என்று எழுதுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம், தொடங்கியவர் யார் என்று சொல்லாமல் தப்பிக்க அதைப்போல் வசதியான வினை வேறில்லை.)

செய்தி அவசரத்தில் எழுதப்படுவது என்பதை அறிவேன். ஆனால், 'வெடிகுண்டு செயலிழக்கச் செய்யப்பட்டது' என்று தலைப்பிட்டு, அதைக் காலி இடத்துக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்து அழித்தார்கள் என்று உள்ளே எழுதுவதற்கு அவசரம் காரணமாகாது. செயலிழந்த குண்டு வெடிக்காது.

முதல் பக்கத்தில் வெளியான அந்தப் படத்தைப் பொறுத்தவரை, 'கசிந்த எரிவாயு தீப்பற்றி வெடித்ததில் வீடு இடிந்தது' என்று ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்