பேரனின் கண்ணும் தலாமஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெருமூளைப் புறணியை (மூளையின் மேலடுக்கு) பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், மூளையின் ஆழத்தில் இருந்துகொண்டு கண், காது தரும் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸை 'செய்தி கடத்தும் நிலையம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதுதான் எனக்கு வருத்தம்.

கடத்துவதோடு அதன் வேலை முடியவில்லை. கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போன மூளை ஆய்வாளர் மிருகாங்க சூரின் குழுவினர், பிறந்த ஃபெரட் குட்டிகளில் (கீரி மாதிரி ஒரு சின்ன விலங்கு) காதிலிருந்து தலாமஸுக்கு வரும் வழியைத் துண்டித்தார்கள். கண் நரம்புகள் அந்தக் காலி இடத்துக்குள் வளர்ந்தன. அப்புறம், ஒலி கேட்க வேண்டிய புறணிச் செல்கள் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிரித்தறிய ஆரம்பித்தன, அசல் பார்வைப் புறணி அளவுக்கு ஒழுங்காக இல்லாவிட்டாலும். 2000-இல் இது வெளியானது. கீழிருந்து என்ன வருகிறதோ, அதை வைத்துத்தான் மேலே பெரும்பகுதி உருவாகிறது.

இதை நான் படிக்க நேர்ந்ததே என் பேரனால்தான். ஒரு கண்ணில் பிறவிக் கண்புரை. தடுப்பூசி போடப் போன இடத்தில் கேட்டோம், போகப் போகச் சரியாகும் என்றார்கள், நாங்களும் நம்பி ஐந்து மாதத்தை விட்டுவிட்டோம். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. நல்ல கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி இன்றுவரை பயிற்சியும் நடக்கிறது. பார்வை முழுதாக வரவில்லை.

ஏன் என்பதை ஹியூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களிலேயே பூனைக்குட்டிகளிடம் காட்டிவிட்டார்கள், 1981-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். பிறந்ததிலிருந்து ஒரு கண்ணைச் சில வாரம் மூடி வைத்துத் திறந்தால், விழித்திரையும் தலாமஸும் ஏறக்குறைய ஒழுங்காகவே வேலை செய்கின்றன, ஆனால் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மிக அரிது. தலாமஸிலிருந்து மற்ற கண்ணின் செய்தியைக் கொண்டுவரும் இழைகள் அந்த இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. வளர்ந்த பூனைக்கு அதே காலம் கண்ணை மூடினாலும் இப்படி ஆவதில்லை.

ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை என்றால் குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குள் அறுவை செய்வதே நல்லது என்கிறார்கள். தயவுசெய்து அடுத்த இதழில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்: கண்மணி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தாலோ, 'பூ விழுந்திருக்கிறது, தானாகப் போய்விடும்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி