கரண்ட் பில்லின் பின்னால் ஒரு பகா எண்

மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது, திட்டாதே. ஆபீசில் ஒரு கவுண்டர் திடீரென்று மைனஸுக்குப் போய்விட்டது, அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். காரணம் நம்ம பழைய 2147483647. கம்ப்யூட்டரில் 32 பிட்டில் பிளஸ், மைனஸ் குறியோடு எழுத முடிகிற கடைசி எண் இதுதான், இன்னும் ஒன்று கூட்டினால் -2147483648-இல் போய் விழும். இருபது வருடமாக எனக்கு இது ஒரு முட்டுச்சந்து, அவ்வளவுதான். இது பகா எண் என்று போன வாரம்தான் தெரியும். கணக்கு வாத்தியார் நீ, சிரித்துக்கொள்.

2-இன் 31-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு. இது பகா எண்தான் என்று கணித மேதை ஆய்லர் 1772-இல் இன்னொரு கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார், அப்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுகிறது, அதுவரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால் நாலாயிரத்துக்கு மேல் வகுத்தல். மனுஷன் அப்படிச் செய்யவில்லை. இதை வகுக்கிற பகா எண் எதுவானாலும் அதில் ஒன்றைக் கழித்தால் 62-ஆல் வகுபட வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் பில்லின் பின்பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 63 பகா எண் இல்லை. 249, மூன்றால் போகும். அடுத்தது 311, முதல் உருப்படியான ஆள்: ஈவு 6905092, மீதி 35. அப்புறம் 497, 559, 745 என்று வருவதெல்லாம் உடைகிறது, 1303 வரை போனால்தான் அடுத்த பகா எண் கிடைக்கிறது, அதற்கும் மீதி 226. இப்படி எண்பது சொச்சம்தான் மொத்தமே. நான் இரண்டோடு எழுந்துவிட்டேன், இட்லி ஆறிப்போகிறது என்று சத்தம்.

1811-இல் பார்லோ என்பவர், இந்த மாதிரி எண்களால் ஒரு பயனும் இல்லை, இதைவிடப் பெரிதாக யாரும் தேடப்போவதில்லை என்று எழுதிவைத்தார். 1876-இல் லூக்காஸ் 39 இலக்கத்தில் ஒன்றைக் காட்டினார். 2024 அக்டோபரில் அறிவித்தது நாலு கோடி இலக்கங்களுக்கு மேல், எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை, பில்லின் பின்னால் போட முடியாதே. பயன் விஷயத்திலும் பார்லோவுக்கு அடிதான்: பழைய ரேண்டம் எண் நிரலில் கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, நம்ம எண்ணால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்வார்கள். வகுப்பது பகா எண், பெருக்கியும் அதற்கேற்றபடி பொறுக்கியது என்பதால், 1 முதல் 2147483646 வரை ஒன்று விடாமல் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பித்த இடத்துக்கு வரும்.

சரி, அந்த 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 என்பது ஏன் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது. பொங்கலுக்கு வருவாய் இல்லையா, பேப்பர் பேனாவோடு வா.

உன் பழைய ரூம்மேட்