பதினான்கு வயதும் ஒன்பது மாதமும்

மெல்பர்ன்
ஏப்ரல் 27

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் சோம்பல் படாமல் செய். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்தாகிவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் நலம். பேரனுக்கு ஜனவரியில் பதினான்கு முடிந்தது. கதவு நிலையில் பென்சிலால் உயரம் குறித்து வைப்போமே, அந்தக் கோடு என் தோளைத் தாண்டிவிட்டது.

நேற்று முன்தினம் இங்கே அன்சாக் நாள். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கிய நாள். ஒவ்வோர் ஆண்டும் அதே விடியற்காலை நேரத்தில் ஊர் ஊராக மக்கள் கூடி நிற்கிறார்கள். பேரன் கேட்டான் என்று இருட்டோடு கிளம்பிப் போர் நினைவாலயத்துக்குப் போனோம். அவ்வளவு பெரிய கூட்டம், ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. எக்காளம் ஒன்று மட்டும் ஒலித்து ஓய்ந்தது. திரும்பும்போது டிராமில் பேரன் கேட்டான்: "தாத்தா, செத்தவர்களில் என் வயசுப் பையன் யாராவது உண்டா?"

உண்டு. அவனைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஜிம் மார்ட்டின் என்று பெயர். 1901 ஜனவரி 3-ல் நியூ சவுத் வேல்ஸில் டோகம்வால் என்ற ஊரில் பிறந்தவன். ஆறு பிள்ளைகளில் ஒரே ஆண். பிறகு குடும்பம் மெல்பர்னில் ஹாத்தார்ன் பகுதியில் குடியேறியது. அங்கே மேனிங்ட்ரீ சாலைப் பள்ளியில் படித்தான். அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயதிலிருந்தே பையன்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம். நாம் ட்ரில் பீரியடில் கை வீசி நடந்த வயதில் அவன் அணிவகுத்து நடந்திருக்கிறான். அப்புறம் பண்ணையில் கூலி வேலை. 1915 ஏப்ரல் 12 அன்று பட்டாளத்தில் பெயர் கொடுத்தான். பதினெட்டு என்று சொன்னான். உண்மையில் பதினான்கு வயதும் மூன்று மாதமும். இப்போது என் பேரனுக்கு ஆகிற வயது.

முதல் உலகப் போருக்குப் போனவர்களின் ராணுவக் கோப்புகளை ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன மாதம் நானும் பேரனும் கம்ப்யூட்டரில் அவனுடைய கோப்பைப் பார்த்தோம். வயது எழுதிய இடம் வந்ததும் எனக்கு உன் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்களே! என் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி என் அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னது. தலைமையாசிரியராக இருந்தபோது நீயும் எத்தனை பிள்ளைகளுக்கு ஜூன் மாதத் தேதி எழுதியிருப்பாய்! நம்மைப் பள்ளிக்கூடத்துக்குள் தள்ளிவிடுவதற்காகப் பெரியவர்கள் சொன்ன பொய் அது. அதனால் நமக்கு நன்மைதான் நடந்தது. இங்கே பையனே சொன்ன பொய்யைப் பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சீருடையில் அவன் எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. மேலே வெறும் குழந்தை முகம். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் அம்மா அமீலியாவை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. பதினெட்டு என்று சொன்னாலும், இருபத்தொன்று ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும். நீங்கள் தராவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துவிடுவேன், கடிதமும் போட மாட்டேன் என்று பயமுறுத்தியிருக்கிறான். யோசித்துப் பார். வேறு பெயரில் போனவன் எங்கே இருக்கிறான் என்று யாரைக் கேட்பது? அடிபட்டால் யாருக்குத் தந்தி வரும்? மகன் தன் பெயரோடு போகட்டும், கடிதமாவது வரட்டும் என்று அவள் சம்மதித்தாள். தாய் வேறு என்ன செய்ய முடியும் என்று என் மனைவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வயதைச் சொல்லித் திரும்ப வரவழைத்த பெற்றோர்களும் அன்று உண்டு. அப்படிச் செய்திருந்தால் அவன் மன்னித்திருப்பானா என்று அமீலியா பயந்திருக்கலாம்.

ஜூன் 28-ல் பெரிமா என்ற கப்பலில் எகிப்துக்குப் புறப்பட்டான். 21ஆம் பட்டாளம். (நம் பக்கம் கெட்டிக்காரனைப் பார்த்து 'அவன் எம்டன்' என்போமே, 1914-ல் சென்னையில் குண்டு போட்ட அந்தக் கப்பலை அடித்து முடித்தது இந்த நாட்டின் முதல் படையணிக் கப்பல்களுக்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல்தான். இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.) எகிப்திலிருந்து கலிப்பொலிக்குப் போகும் வழியில், செப்டம்பர் 2 அன்று, அவன் இருந்த சவுத்லேண்ட் கப்பல்மீது ஜெர்மன் நீர்மூழ்கி டார்ப்பிடோ விட்டது. நான்கு மணி நேரம் கடல் தண்ணீரில் கிடந்து தப்பினான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போர்முனையில் இறக்கிவிட்டார்கள்.

அங்கே அவனைக் கொன்றது துருக்கியர் குண்டு இல்லை. அந்தச் சின்ன மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான ஆட்கள், புதைக்க முடியாத பிணங்கள், ஈ. சோற்றில் ஈ, புண்ணில் ஈ. தண்ணீரைக்கூடக் கப்பலில் கொண்டுவந்து அளந்து கொடுத்தார்கள். குண்டுக்குத் தப்பியவர்களைச் சீதபேதியும் குடற்காய்ச்சலும் பிடித்தன. அக்டோபரில் அவன் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதினான். வீட்டிலிருந்து தனக்கு ஒரு கடிதமும் வந்து சேரவில்லை என்றும் எழுதினான். அந்த வரியைப் படித்துவிட்டுப் பேரன் எழுந்து போய்விட்டான். கடிதம் வர வேண்டும் என்றுதானே அவள் சம்மதித்தாள்.

குடற்காய்ச்சல் முற்றி, அக்டோபர் 25 மாலை ஐந்து மணிவாக்கில் அவனை கிளெனார்ட் காஸில் என்ற ஆஸ்பத்திரிக் கப்பலுக்குத் தூக்கி வந்தார்கள். துடைத்துப் படுக்கையில் படுக்க வைத்தார்கள். கப்பலின் தலைமை நர்ஸ் பிறகு அமீலியாவுக்கு எழுதிய கடிதத்தில், செய்ததற்கெல்லாம் அவன் அழகாக நன்றி சொன்னதையும், தூங்கப் போனவன் திடீரென்று இதயம் நின்று இறந்ததையும் சொல்லியிருக்கிறார். ஏறியதிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. கடலில் அடக்கம் செய்தார்கள். வயது பதினான்கும் ஒன்பது மாதமும்.

போரில் இறந்தவர்களின் கல்லறைக் கல்லில் குடும்பத்தார் 66 எழுத்துக்குள் ஒரு வரி பொறிக்கலாம், எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் என்று அந்த நாளில் ஏற்பாடு இருந்தது. கடலில் போனவனுக்குக் கல் ஏது? கலிப்பொலியில் லோன் பைன் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத ஏறக்குறைய 4,900 பேரோடு ஒரு பெயராக இருக்கிறான். அந்தப் போரில் இந்த நாடு 60,000 பேருக்கு மேல் இழந்தது. அப்போது மக்கள்தொகை ஐம்பது லட்சம்கூட இல்லை. எண்ணைச் சொன்னால் பேரன் தலையாட்டுகிறான். ஒரே ஒரு பையனைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

கான்பெர்ரா போர் நினைவகத்தின் சுவரில் இறந்தவர்களின் பெயரைப் பட்டாளம் வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். பதவி கிடையாது, வயதும் கிடையாது. பெயர் மட்டும். வருகிறவர்கள் காகிதத்தில் செய்த சிவப்பு பாப்பிப் பூவைப் பெயருக்குப் பக்கத்தில் இடுக்கில் செருகுகிறார்கள். செப்டம்பர் விடுமுறையில் போகலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். 21ஆம் பட்டாளத்தின் பலகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பேரன் இப்போதே தேடி எழுதி வைத்துவிட்டான்.

உன் மருமகளுக்கு வேலை மாறுதல் கிடைத்ததா? நடக்க ஆரம்பித்ததும் இரண்டு வரியாவது எழுது. போன முறை மாதிரி மூன்று மாதம் காக்க வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்